ஒரு தகட்டின் நிறம்

காருக்கு நிறம் தெரிவு செய்வதில் ஒரு குடும்பமே பிணங்கும் என்று யாரேனும் சொல்லியிருந்தால், சென்ற ஆண்டு வரை நான் சிரித்திருப்பேன்.

மர்ஹூம் வாப்பா எங்களுக்கு விட்டுச் சென்றவற்றுள் ஒன்று, 1965ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். இலங்கைத் தெருக்களில் இன்றும் காணக்கூடிய வண்டிதான். அதன் பம்பருக்கும் உடலுக்கும் இடையே, முன்னும் பின்னும் ஒவ்வொரு தகடு உண்டு. சேறும் நீரும் தங்கும் இடம் அது. எங்கள் வண்டியில் இரண்டு தகடுகளும் துருவேறிச் சல்லடையாகிவிட்டன. புதியவை வாங்கினோம். அவற்றுக்கு என்ன நிறம் பூசுவது என்பதில் நானாவுக்கும் எனக்கும் பிணக்கு மூண்டது.

"கறுப்பை அடித்துவிடு, பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. விற்கப்போகிற வண்டிக்கு ஏன் வீண் செலவு?" என்றார் நானா.

விற்பது என்ற சொல்லை அன்றுதான் அவர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டேன். அந்தக் கோபத்தில், தொழிற்சாலையில் பூசிய அதே நிறந்தான் வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றேன்.

அந்நிறத்தின் பெயர் 'ஸ்மோக் கிரே'. பெயர்தான் புகைச் சாம்பல். கண்ணுக்கு நீலம் கலந்தே தெரியும். டிக்கியின் உள்ளே வெயில் படாத மூலையொன்றைத் துடைத்து, பெயின்ட் அடிக்கும் பாஸிடம் காட்டினேன். முதியவரான அவர் அவ்வண்ணமே கலந்து, ஓர் அட்டையில் அடித்து, காய்ந்த பின்னர் பொனட்டின் மீது வைத்தார். ஆண்டாண்டாய் வெயிலில் வெளுத்திருந்த மேனியில் அட்டை அந்நியமாய்க் கிடந்தது.

"தம்பி, நீங்கள் காட்டியது வண்டி புதிதாய் வந்த நாளின் நிறம். வாப்பா ஓட்டிய வண்டியின் நிறம் இதுதானே?" என்று பொனட்டைத் தட்டினார்.

எனக்கு மறுமொழி வரவில்லை.

பொனட்டை மெருகு தேய்த்து, மேற்படிந்த வெளிறலை அகற்றினார். வெள்ளையைத் துளித்துளியாய்ச் சேர்த்து மூன்று அட்டைகள் அடித்தார். குழல் விளக்கின் கீழ் மூன்றும் ஒன்றாகவே தோன்றின. அஸர் நேரத்து வெயிலிலோ இரண்டு விலகி நின்றன. ஒன்று மட்டும் வண்டியோடு கலந்தது.

இவ்வண்டியின் வரலாற்றிலேயே ஓர் ஒட்டு உண்டு. 1948இல் விற்பனைக்கு வருமுன், அதை வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ் அகலம் போதாதெனக் கண்டு 4 அங்குலம் கூட்டினார். பம்பர்களோ முன்னரே செய்யப்பட்டுவிட்டன. ஆகவே அவற்றை நடுவே வெட்டி, 4 அங்குலத் துண்டு பொருத்தியே முதல் வண்டிகளை வெளியிட்டனர். ஒட்டு வெளியே தெரிந்தது; வண்டியோ பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

தகடுகளைப் பூட்டிய அன்று நானா வந்தார். குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். "புதிது என்று யாரும் சொல்லமாட்டார்கள்" என்றார்.

"நாம்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

விற்பதா, வைத்திருப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. விற்பதாயின், துருவேறியதையும் தகடு மாற்றியதையும் வாங்குபவரிடம் சொல்லியே கொடுப்பது என்பதில் மட்டும் இருவருக்கும் பிணக்கில்லை. வாப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார்.