பக்கத்து சீட்டுக்கு ஒரு கதவு

நம் ஆண்டு மலரில் கவிதைக்குப் பஞ்சமே இல்லை. நிலவையும் அவளையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். ரேஸுக்கென்றே பிறந்து, பிறகு நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்த கார். பெயர் ஜாகுவார் எக்ஸ்.கே.எஸ்.எஸ்.

இதன் முற்பிறவி டி-டைப். பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரம் விடாமல் ஓட்டும் பந்தயம் நடக்கிறதல்லவா, அதை ஜெயிப்பதற்காக இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செய்த வண்டி. 1955, 1956 இரண்டு வருடமும் ஜெயித்தது. இதன் உடம்பை வரைந்த மால்கம் சேயர் முன்பு விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். நடுப்பகுதிக்குத் தனி சேஸிஸ் வைக்காமல், விமானத்தில் போல தகட்டுக்கூடே பாரம் தாங்கும்படி மோனோகாக்காக அமைத்தார்கள். 3442 சி.சி., வரிசையாக ஆறு சிலிண்டர், மூன்று வெபர் கார்புரேட்டர், சுமார் 250 குதிரைத் திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்.

அப்புறம் டிரை சம்ப். பரீட்சைக்கு நாலு வரி மனப்பாடம் செய்கிறோமே, அதே டிரை சம்ப்தான். அது எதற்கு என்று எனக்குப் புரிந்தது இந்த வண்டியால்தான். ஆயில் தனி டேங்கில் இருப்பதால் என்ஜினுக்கு அடியில் ஆழமான சம்ப் தேவையில்லை. என்ஜினைத் தாழ்வாக உட்கார வைக்கலாம், பானெட்டும் தாழ்ந்துவிடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிற தொல்லையும் கிடையாது.

1956 கடைசியில் ஜாகுவார் தன் சொந்த ரேஸ் டீமை நிறுத்திக்கொண்டது. விற்காத டி-டைப்கள் அப்படியே நின்றன. கம்பெனித் தலைவர் சர் வில்லியம் லயன்ஸ், அவற்றில் 25 வண்டிகளை ரோட்டில் ஓடும்படி மாற்றி விற்கலாம் என்று முடிவு செய்தார். குறி அமெரிக்கச் சந்தை.

என்ஜினைத் தொடவில்லை. பிரேக்கையும் தொடவில்லை. டிரைவர் தலைக்குப் பின்னால் மீன் துடுப்பு மாதிரி நின்ற பகுதியை எடுத்தார்கள். முழு அகலத்துக்குக் கண்ணாடி, மழைக்கு மடக்குகிற துணிக்கூரை, முன்னும் பின்னும் ஒல்லியான பம்பர் வந்தன. டிக்கி என்று சொல்ல ஒன்றும் இல்லாததால் பின்னால் மேலேயே ஒரு லக்கேஜ் கேரியர்! (நம்ம டவுன் பஸ் ஞாபகம்தான் வருகிறது.)

இதெல்லாம் வெறும் மேக்கப் என்பது என் கட்சி. நிஜமான மாற்றம் வேறு. டி-டைப் ஒரே ஆளுக்கான வண்டி. பக்கத்து சீட் பேருக்குத்தான். அதன்மேல் மூடி போட்டுவிட்டுத்தான் ரேஸ் ஓட்டுவார்கள். எக்ஸ்.கே.எஸ்.எஸ்.ஸில் நடுத்தடுப்பை எடுத்துவிட்டு, அந்தப் பக்கமும் ஒரு கதவு வைத்தார்கள். கூட வருகிற ஆளுக்கு இடம் கிடைத்தபோதுதான் அது ரோட்டு வண்டி ஆனது.

25 வண்டியும் வெளியே வரவில்லை. 1957 பிப்ரவரி 12 அன்று இரவு பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 9 வண்டிகள் போயின, 16தான் மிஞ்சின. நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் வைத்திருந்தது அதில் ஒன்று. அமெரிக்காவில் ஓடினாலும் நம்ம ஊர் மாதிரி வலது பக்க ஸ்டீயரிங். வேடிக்கை என்னவென்றால், அதே 1957 ஜூனில், தனியார் டீம்கள் ஓட்டிய டி-டைப்கள் லெ மானில் முதல் நாலு இடத்தையும் பிடித்தன. கம்பெனி கைவிட்ட வண்டிக்கு எவ்வளவு ரோஷம் பாருங்கள்!

எரிந்துபோன அந்த 9 வண்டிகளுக்குப் பதிலாகப் புதிதாக 9 செய்யப் போவதாக 2016-இல் ஜாகுவார் அறிவித்தது. (2008-லேயே அது டாடா கைக்கு வந்துவிட்டது.) உடம்பை அடித்து எடுக்கும் பழைய அச்சு இல்லை. மூல வண்டியை ஸ்கேன் செய்து புது அச்சு செய்து, அதன்மேல் மெக்னீசியக் கலவைத் தகட்டைக் கையாலேயே வளைத்தார்கள். ஒரு வண்டிக்கு 2000-க்கு மேல் ரிவிட், சுமார் 10,000 மணி நேர வேலை.

இந்த ரிவிட் கணக்கைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேலாக அலுமினிய ஷீட் அடித்து ரிவிட் போடுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் பாலிடெக்னிக் சேர்ந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது. "காலேஜ் எப்படி கண்ணு?" "நல்லாருக்குப்பா." அவ்வளவுதான். மேலே என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியாது, எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியாது.

போன தீபாவளி லீவில் செல்போனில் இந்த வண்டிப் படத்தைக் காட்டி, சேஸிஸ் கிடையாது, தகடுதான் தாங்குகிறது, அதில் புதுசாகக் கதவு வெட்டியிருக்கிறார்கள் என்றேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"கதவு வெட்றது பெரிசில்ல. வெட்டுன எடத்துல பலம் போயிருமே. அடியில என்ன குடுத்துருக்கான்?"

படத்தைப் பெரிதாக்கினேன். கதவு அடிவரை வரவில்லை, கீழே ஆழமாகப் பெட்டி மாதிரி சில் இருந்தது.

"அதான பாத்தேன். சன்னலாட்டம் வெட்டியிருக்கான். மூலையப் பாரு, வளைச்சு உட்ருக்கான். சதுரமா வெட்டுனா அந்த மூலையிலதான் மொதல்ல விரிசல் உடும்."

எங்கள் புத்தகத்தில் அதற்கு ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் என்று பெயர் என்றேன். "பேரே வெச்சுட்டாங்களா?" என்று சிரித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். சோறு ஆறுகிறது என்று அம்மா இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று.

கடைசியில் அவர் கேட்டது இது: "சைலன்சர் குழாய் பக்கத்து சீட்டுக்காரன் பக்கமாத்தான போவுது. எறங்குறப்ப அவன் காலு சுடாதா?"

அதன்மேல் ஒரு காப்புத் தகடு வைத்திருக்கிறார்கள் என்று காட்டினேன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பத்தாது" என்றார்.