வினையெச்சம்

பக்கவாதம் என்ற சொல்லில் இருக்கும் வாதம் காற்றைக் குறிப்பது, தர்க்கத்தையல்ல. ஆனாலும் இந்த வியாதி ஒரு வீட்டுக்குள் நுழையும்போது இரண்டாவது அர்த்தமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மதுரைப் பக்கம் வீடுகளில் யாரும் இந்தச் சொல்லை உபயோகிப்பதில்லை. 'கை கால் விழுந்துருச்சு' என்பார்கள். அல்லது 'ஒரு பக்கமா இழுத்துக்கிருச்சு'. வயசானவர்கள் பாரிசவாயு என்பார்கள். வாய் கோணியதற்கும் வார்த்தை உண்டு. மொழி போனதற்கு மட்டும் இல்லை. 'பேச்சு வரல' என்பதோடு சரி.

என் அப்பா சோழவந்தான் பக்கத்தில் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியராக இருந்தவர். ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு விடியற்காலை வலது கையும் காலும் பேச்சும் ஒன்றாகப் போயின. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; தூக்கத்தில் வந்ததை எந்த மணியிலிருந்து எண்ணுவது? தெருவில் ஒருவர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார். ஆஸ்பத்திரியை நான் விவரிக்கப் போவதில்லை. அந்தக் கதை எல்லோரிடமும் இருக்கிறது, ஏறக்குறைய ஒரே மாதிரி. மூன்றாவது வாரம் அப்பாவுக்கு ஒரே ஒரு வார்த்தை திரும்பி வந்தது. 'வந்து'.

பேச்சில் தயங்குகிறபோது நாம் எல்லோரும் போடும் வெற்று 'வந்து'தான். இலக்கணத்தில் இது வினையெச்சம். தனியாக நிற்காது, ஒரு வினைமுற்றைத் தேடிக்கொண்டே இருக்கும். பிரம்பு வைத்துக்கொண்டு இதைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் அது மட்டும் மிஞ்சியது. பசிக்கும் வந்து, கோபத்துக்கும் வந்து, ஜன்னலுக்கு வெளியே போகிற ஆட்டுக்கும் வந்து. ஸ்வரம் மட்டும் மாறும். வினைமுற்றை எதிரே இருப்பவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

1861-ல் பாரிஸில் ப்ரோக்கா என்ற டாக்டர் பரிசோதித்த நோயாளிக்கு 'டான்' என்ற ஒற்றை அசையைத் தவிர வேறொன்றும் சொல்ல வராது. அவன் செத்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடப்பக்கத்து முன்பகுதி அழிந்திருந்தது. பேச்சுக்கு மூளையில் ஒரு ஸ்தானம் உண்டு என்ற எண்ணம் வலுப்பட்டது இதிலிருந்துதான். அதே காலத்து இங்கிலீஷ் டாக்டர் ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் கவனித்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. யோசித்து ஒன்றைச் சொல்வது போய்விட்ட ஆளிடம்கூட, யோசிக்காமல் வருவது தங்கியிருக்கலாம். வசவு, எண்வரிசை, பிரார்த்தனை, பாட்டு. அப்பாவிடம் ஒரு குறளின் முதல் சீரை நான் சொன்னால் பாக்கி ஆறு சீர்களையும் தடங்கலின்றிச் சொல்லி முடிப்பார். முடித்த கையோடு தண்ணீர் கேட்கத் தெரியாமல் செம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். உறவுக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தமிழ் அவரைக் கைவிடவில்லை என்று கண்ணீர் விட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறள் அவரிடம் வசவு இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதற்குக் கவிதையின் மகிமை காரணமல்ல.

நம் கவிதை விமர்சனத்தில் மௌனம் என்ற சொல்லுக்கு இருக்கும் செலாவணி இப்போது எனக்குப் பொறுப்பதில்லை. பக்கத்துக்கு நாலு மௌனம். போதலேருக்கு 1866-ல் பெல்ஜியத்தில் வாதம் அடித்தது. பிரெஞ்சு பாஷையில் அதற்கு முன் இல்லாத வாக்கியங்களை எழுதியவனிடம் கடைசியில் மிஞ்சியது, தெய்வத்தின் பெயரை இழுக்கும் ஒரு அரை வசவு. பிரஸ்ஸல்ஸில் அவனைப் பார்த்துக்கொண்ட கன்யாஸ்திரீகள் அதைக் கேட்டு மிரண்டார்கள். அடுத்த வருஷம் செத்துப்போனான். ஸ்வீடன் நாட்டுக் கவி த்ரான்ஸ்த்ரோமருக்கு 1990-ல். வலது கை போயிற்று, பேச்சு கிட்டத்தட்ட முழுக்கவே போயிற்று. இடது கைக்கென்று எழுதப்பட்ட பியானோ இசையை வாசித்துக்கொண்டிருந்தார். 1996-ல் ஒரு தொகுப்பு. 2011-ல் நோபெல் பரிசு, வழக்கமான உரைக்குப் பதிலாக அவர் கவிதைகளும் இசையும். பிந்தைய கவிதைகளின் சிக்கனத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர் சொல்ல முயன்றதை இருபத்தைந்து வருஷம் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்ன அவர் மனைவி மோனிகாவைப் பற்றி, அந்த வேலையும் ஒரு வாசிப்புதான் என்று எடுத்துக்கொண்டு, யாராவது எழுதியிருந்தால் அதைத்தான் நான் முதலில் படிப்பேன்.

இந்த வாசிப்பின் மிகப் பெரிய உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகக் கோளாறு, கூடவே வாதம். நவம்பரில் ப்ரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் தேர்தலில் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டியில் அவர்தான் வேட்பாளர். தொகுதிக்குள் காலே வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை ஊர் ஊராக வீடியோவில் காட்டினார்கள், ஜெயித்தார். அந்தத் தேர்தலில் அப்பாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் வாக்குச்சாவடி வேலை. வரிசையில் நின்ற கிழவிகள் ஒருத்தியிடம் ஒருத்தி, 'எந்திரிச்சு உக்காந்துட்டாராம்', 'இட்லி சாப்பிட்டாராம்' என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவர் பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தவருக்குப் பேச்சு தெளியவில்லை. 1967-ல் குண்டு பாய்ந்ததில் ஏற்கெனவே கெட்டிருந்த குரல் வேறு. 1987 டிசம்பர் 24-ல் சாகும்வரை அவர்தான் முதலமைச்சர். கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேன்: அந்த மூன்று வருஷம் இந்த மாநிலத்தை ஆண்டது 'ஆம்' என்ற இடைச்சொல். தலைவர் சொன்னாராம், கோபப்பட்டாராம், சிரித்தாராம். அறைக்குள் போய்விட்டு வந்தவன் சொன்னதுதான் வினைமுற்று. அரசியல் விமர்சகர்கள் இதை அதிகாரப் போட்டியாக மட்டும் பார்த்தார்கள். பேச்சுப் போன ஆள் இருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கிறது.

எங்கள் வீட்டில் அது அம்மா. 'அவருக்கு வேணாமாம்.' 'ஃபேனைக் கொறைக்கணுமாம்.' 'ஒங்கிட்ட பேசணுமாம், உக்காரு.' இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிவிடுகிறாள். சாதத்தைக் குழைத்து, புரையேறாதபடி, தலையை முன்னால் சாய்த்து ஊட்டுகிறாள். முதல் மாதம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் இப்போது வருவதில்லை. அவள் மொழிபெயர்ப்பை நம்பாமல் கொஞ்ச நாள் கவனித்தேன். அப்பா மாட்டேன் என்று தலையாட்ட, அவள் 'சரிங்கிறார்' என்பாள். ஒரு நிமிஷத்தில் அவரும் சரி என்று தலையாட்டுவார். தலையாட்டலும் இந்த வியாதியில் நிச்சயமில்லை, ஆமாமும் இல்லையும் இடம் மாறும். ஆகவே அவள் திரிக்கிறாளா என்பதற்கு மூலப் பிரதி கிடையாது.

வேறொன்று புலப்பட நாளாயிற்று. பிற்பகல் மூன்று மணிக்கு, 'அவருக்குக் காப்பி வேணுமாம்' என்று எழுந்து போவாள். அப்பா வாழ்நாளில் அந்த நேரத்தில் காப்பி குடித்தவரல்ல. 'அவருக்கு தூக்கம் வருதாம்' என்று விளக்கை அணைப்பாள். இருட்டில் அப்பாவின் கண்கள் திறந்திருக்கும். அவளுக்கு ஒன்று வேண்டுமென்றால் அவர் வழியாகத்தான் கேட்க முடிகிறது. வீட்டில் மொழி போனவர் ஒருவர் என்றுதான் நாங்கள் கணக்கு வைத்திருந்தோம்.

என் உத்தியோகம் பாங்கில். மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாத காசோலையைத் திருப்பும் வேலை. வாதம் வந்தவரின் இடது கை போடும் கையெழுத்து எந்த மாதிரியோடும் ஒத்துப்போகாது. ரிசர்வ் பாங்க் இதற்கு வழி சொல்லியிருக்கிறது: கைப்பெருவிரல் ரேகை, முடியாவிட்டால் கால் பெருவிரல், அதுவும் முடியாவிட்டால் ஏதாவதொரு அடையாளக் குறி, இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் பொறுப்பான பாங்க் அலுவலர். 2017 முதல் எழுபது வயசு தாண்டியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் வீட்டுக்கே போய்ச் செய்யச் சொல்லியும் இருக்கிறது. எனவே நவம்பர் மாதம், உயிரோடிருக்கும் சான்று வாங்க, அலுவலரோடு மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கங்களில் சுற்றியிருக்கிறேன். ஆணுக்கு இடது பெருவிரல் என்பது பாங்க் வழக்கம். வலப்பக்கம் விழுந்தவர்களுக்கு இது ஒரு சௌகரியம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் அந்த விரலைப் பிடித்து அழுத்துகிறாள், பிறகு தன் சேலையில் மையைத் துடைக்கிறாள். பென்ஷன்காரர் உயிரோடிருப்பதற்கு நாங்கள் சாட்சி. அந்தப் பெண்ணைப் பற்றி எந்தக் கட்டத்திலும் எதுவும் நிரப்ப வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு எங்கள் தெருவுக்கும் இயன்முறைப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள். நல்ல பெண், அவசரமில்லாதவள். அப்பாவை இப்போது கட்டில் விளிம்பில் பத்து நிமிஷம் உட்காரவைக்க முடிகிறது. போன மாதம் அம்மா அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றாள். என்னம்மா, எங்கே வலிக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். 'முதுகு வலிக்குதாம்' என்றாள்.

அந்தப் பெண் அப்பாவை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்து, பனியனைத் தூக்கி, அவர் முதுகைப் பார்க்க ஆரம்பித்தாள்.