எந்த மண்ணுக்கு டயர்?

பாகூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிற ஒருவரிடம் போய், பெரிய டயர் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. "எந்த மண்ணுக்குக் கேக்கறீங்க?" என்ற கேள்விதான் வரும். தார் ஜீப் வாங்கிய நம் பிள்ளைகளிடம் இதை யாரும் கேட்பதில்லை. வில்லியனூர்க் கோயில் வீதியில் அகலமான பட்டன் டயர் மாட்டிய வண்டிகள் ஊளையிட்டுக்கொண்டு போகின்றன. பட்டன்கள் கடையில் வாங்கிய கறுப்பு மாறாமல் இருக்கின்றன.

என் அக்கா மகனிடம் அப்படியொரு வண்டி இருக்கிறது. 2020 அக்டோபரில் மஹிந்திரா விற்பனைக்குக் கொண்டுவந்த புதிய தார். கம்பெனி கொடுத்த டயர் 255/65 ஆர்18. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கடைக்காரரின் பாதிப் பேச்சு தேவைப்படாது. 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். எல்லாம் சேர்த்தால் டயரின் மொத்த உயரம் 789 மி.மீ., சுமார் 31 அங்குலம். அவன் மாட்ட ஆசைப்பட்டது 285/65 ஆர்18. அதன் உயரம் 828 மி.மீ. வித்தியாசம் 39 மி.மீ.; அதிலும் பாதிதான் வண்டியின் அடிப்பாகத்தைத் தூக்கும். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, ஒரு விரல் அகலம்.

"பாக்க கெத்தா இருக்கும் மாமா" என்றான். அது நியாயமான காரணம். கெத்துக்கு என்று சொல்லி வாங்குகிறவனோடு எனக்குச் சண்டை கிடையாது. "சேத்துல சூப்பரா போகும்" என்று அடுத்த வாக்கியத்தைச் சேர்த்தானே, அங்கேதான் வாய் திறக்க வேண்டியதாயிற்று.

அந்த ஒரு விரலுக்கு வண்டி கொடுக்கும் விலையைப் பாருங்கள். டயரின் சுற்றளவு நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுவதால், தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. டிரைவர்கள் "புல்லிங் இல்ல" என்று சொல்வது இதைத்தான். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போகும். டயரின் எடையும் கூடுகிறது. விளிம்பில் சுழலும் எடை என்பதால் பிரேக்குக்கு அதிக வேலை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசலாம். உரசாமலிருக்க பிளாஸ்டிக்கை வெட்டுவார்கள், அல்லது கிட் போட்டு வண்டியைத் தூக்குவார்கள். தூக்கிய வண்டி வளைவில் சாய்கிறது. 2010-ல் வந்த பழைய தாரில் இது இன்னும் மோசம். அதன் 235/70 ஆர்16 டயர் 29 அங்குலம்தான். அதில் 33 அங்குலம் மாட்டினால் புல்லிங் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போய்விடும். சேற்றில் அந்த நஷ்டத்தைக் கிளட்ச் தலையில் கட்டுவார்கள். புகை நாற்றம் வந்த பிறகுதான் ஃபோர் லோ கியர் ஞாபகம் வரும்.

சரி, மண்ணுக்கு வருவோம். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஏரிப் பாசனத்து நெல்வயல்களில் மழைக்காலத்துக் களி என்ன செய்யும் என்பது நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். டயரையும் அது அப்படியே பிடிக்கிறது. பட்டன்களின் இடைவெளியில் அடைத்துக்கொண்டு, வடை தட்டியதுபோல் மேலே படிந்து, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய டயரை மொட்டை டயராக்கிவிடும். அதனால் களியில் கவனிக்க வேண்டியது உயரத்தைவிட பட்டன்களின் இடைவெளி. சுற்றும்போது சேற்றை உதறித் தள்ளும் டயர் போகும், தள்ளாதது நின்ற இடத்திலேயே குழி தோண்டும்.

வயல்காரர்கள் இதற்குக் கண்ட வழிகள் ஷோரூமில் கிடைக்காதவை. சேடை ஓட்டும்போது டிராக்டருக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்கள். ரப்பர் வழுக்கும் இடத்தில் இரும்புப் பட்டைகள் சேற்றைக் கிழித்துப் பிடி தேடுகின்றன. அதோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை போய்விடும். உழவுக்குப் பிடி போதாவிட்டால் பின் டயருக்குள் காற்றுக்குப் பதில் முக்கால்வாசி தண்ணீரை ஏற்றி எடை கூட்டுவார்கள். ஈரம் காயாத வயலில் அறுவடைக்கு டயர் வண்டியைக் கூப்பிடாமல் செயின் வண்டியைக் கூப்பிடுவார்கள், வாடகை கூடுதலானாலும். வேலைக்கு ஒரு சக்கரம், வேலை முடிந்தால் கழற்றி வைத்துவிடுவது என்பது அவர்கள் கணக்கு. அறுவடை மெஷினை யாரும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலைக்கு ஓட்டிக்கொண்டு போவதில்லை.

உயரத்தால் ஆதாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆரக்காலும் வட்டையுமாக இருந்த பழைய மாட்டுவண்டிச் சக்கரம் ஆள் மார்பளவு நின்றது அலங்காரத்துக்கு அல்ல. உயரமான சக்கரம் வரப்பிலும் பள்ளத்திலும் இடிக்காமல் ஏறி இறங்கும். ஆனால் அந்தச் சக்கரம் ஒல்லியானது. நாம் வாங்குவது உயரத்தைவிட அகலத்தைத்தான்.

இதில் காசே செலவாகாத ஒரு வழி இருக்கிறது, காற்றைக் குறைப்பது. ஒன்றே முக்கால் டன் வண்டியில் ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 440 கிலோ பாரம். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருந்தால் அந்தப் பாரத்தைத் தாங்கத் தோராயமாக 200 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையில் படிந்தால் போதும். பெரிய டயர் மாட்டி அதே 30 காற்று அடித்தாலும் படியும் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். காற்றை 18-க்கு இறக்குங்கள். பழைய டயரே 340 சதுர சென்டிமீட்டருக்குப் படிந்து, நீளமாகி, சேற்றின் மேல் மிதக்கத் தொடங்கும். நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கத்து மணலுக்கும் இதே கணக்குதான். ஆனால் ஜனவரி முதல் அந்தக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அங்கே எந்த டயரும் வேண்டாம். 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியின் வற்றிய தரையும் விளையாட்டு மைதானம் அல்ல.

வெள்ளத்துக்கு உதவும் என்பார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த இரண்டொரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்க் கிராமங்களைச் சூழ்ந்தது. தாருக்குக் கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மி.மீ. பெரிய டயர் அதை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தலாம். ஆனால் டயருக்குள் இருப்பது காற்று. டயர் பெரிதாகப் பெரிதாக வண்டி தண்ணீரில் எளிதாக மிதக்கும், ஓடும் தண்ணீர் எளிதாகத் தள்ளும். ஆற்று வெள்ளத்துக்குப் படகுதான் வண்டி.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. நம் வில்லியனூர்–பாகூர்ப் போக்குவரத்தில் பல இடங்களில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறோம். இரண்டு அரசின் காவலருக்கும் பதில் சொல்ல வேண்டும். விபத்து நடந்தால் மூன்றாவதாக இன்சூரன்ஸ்காரர் டேப்போடு வருவார்.

ஆகவே என் யோசனை இது. கம்பெனி அளவிலேயே, நல்ல இடைவெளி விட்ட பட்டனுடைய ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்குமான) டயராக வாங்குங்கள். பக்கச்சுவரில் உள்ள எடைக்குறியீடு பழையதற்குக் குறையாமல் இருக்கட்டும். புரியாவிட்டால், நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது; அங்கே ஷிப்டுக்குப் போய்வரும் யாரையாவது கேளுங்கள், எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்வார்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு காற்றளவுமானியும் பேட்டரியில் ஓடும் பம்பும் வாங்கி வண்டியில் போடுங்கள். சேற்றை விட்டுத் தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்றடிக்காமல் வேகமெடுக்காதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் பெரியதுதான் வேண்டுமென்றால், நாலு டயருக்கு விலை பேசிவிட்டு வராதீர்கள். மூன்று பெரியதோடு ஒரு சின்ன ஸ்டெப்னியை மாட்டி ஃபோர் வீலில் ஓட்டினால் கியர் பெட்டி கெடும். ஐந்துக்கும் சேர்த்து விலை கேளுங்கள், பின்கதவுக் கீல் அந்த எடையைத் தாங்குமா என்றும் கேளுங்கள்.