எப்வொர்த் குருமனைத் தாய்

1669 ஜனவரி 20, லண்டன்

பிஷப்ஸ்கேட் பகுதியில் போதகர் சாமுவேல் அன்னெஸ்லியின் கடைசி மகளாகச் சூசன்னா பிறந்தார். அந்த வீட்டின் இருபத்தைந்தாவது பிள்ளை என்பது குடும்பம் வழிவழியாகச் சொல்லிவந்த கணக்கு. அரசுத் திருச்சபையின் ஜெபமுறைக்கு இணங்க மறுத்ததால், அன்னெஸ்லி 1662-இல் தம் ஆலயத்தை இழந்தவர். மனசாட்சிக்காகப் பதவியை விட்ட தந்தையின் வீட்டில் மறைநூல் விவாதம் அன்றாடப் பேச்சாக இருந்தது. அதைக் கேட்டு வளர்ந்த மகள், பதின்மூன்று வயதளவில் இரு தரப்பு வாதங்களையும் எடைபோட்டு, தந்தை விட்டு வந்த இங்கிலாந்துத் திருச்சபையையே தேர்ந்துகொண்டார். தாமே சிந்தித்து முடிவெடுக்கும் வழக்கத்தைச் சூசன்னா தந்தையிடமிருந்துதான் பெற்றார். அதே வழக்கம் அவரைத் தந்தையின் சபையிலிருந்து வேறு திசைக்கு அழைத்துச் சென்றது.

1688 நவம்பர்

சாமுவேல் வெஸ்லியுடன் திருமணம். அவரும் அதே பின்னணியிலிருந்து அரசுத் திருச்சபைக்கு வந்தவர். அடுத்த இருபது ஆண்டுகளில் பத்தொன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். ஒன்பது பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார்கள். வளர்ந்தவர்கள் மூன்று மகன்களும் ஏழு மகள்களும். சாமுவேல் லிங்கன்ஷயரின் சதுப்பு நிலத்தில் உள்ள எப்வொர்த்துக்குப் பங்குக் குருவாகப் போனபின், குடும்பத்தின் நாற்பதாண்டு வாழ்க்கை அந்தக் குருமனையைச் சுற்றியே அமைந்தது.

1702-இன் தொடக்கம், எப்வொர்த்

குடும்ப ஜெபத்தில் மூன்றாம் வில்லியம் மன்னருக்காக வேண்டும்போது மனைவி ஆமென் சொல்வதில்லை என்பதைச் சாமுவேல் கவனித்தார். நாடு கடந்து போன இரண்டாம் ஜேம்ஸின் இடத்தில் அமர்ந்த வில்லியம் முறையான அரசர் அல்ல என்பது சூசன்னாவின் கருத்து. மனைவி மனம் மாறும்வரை ஒரே படுக்கையைப் பகிர்வதில்லை என்று கணவர் சபதம் செய்து வீட்டைவிட்டுப் போனார். சூசன்னா மன்னிப்புக் கேட்கவில்லை. புதிய அரசருக்குச் சத்தியம் செய்ய மறுத்துப் பதவி இழந்திருந்த ஜார்ஜ் ஹிக்ஸிடம் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டார். மனசாட்சியை மீற வேண்டாம் என்று அவரும் உறுதிப்படுத்தினார். மார்ச் மாதம் மன்னர் இறந்தார். அந்தக் கோடையில் குருமனையின் ஒரு பகுதி எரிந்தபின் சாமுவேல் குடும்பத்தோடு சேர்ந்தார். மறு ஆண்டு ஜூனில் பிறந்த மகன்தான் ஜான் வெஸ்லி.

1705, கோடை

கடன் கட்ட முடியாமல் சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். கையில் காசில்லாத மனைவி தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பமே இல்லாமல் இருந்ததுண்டா என்று யார்க் பேராயர் கேட்டபோது சூசன்னா நேர்மையாகப் பதில் சொன்னார். அப்பம் இல்லாமல் போனதில்லை; ஆனால் உண்பதற்கு முன் அதைத் தேடவும், உண்டபின் அதற்குப் பணம் கொடுக்கவும் பட்ட பாட்டில் உண்டதன் சுகமே போய்விட்டது என்பது அந்தப் பதிலின் சாரம்.

1709 பிப்ரவரி 9

இரவில் குருமனை முற்றிலும் எரிந்தது. பேறுகாலம் நெருங்கியிருந்த சூசன்னா தீயின் நடுவே நடந்து வெளியே வந்தார். மாடியில் சிக்கிக்கொண்ட ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி ஜன்னல் வழியாக ஊரார் இறக்கினார்கள். அதுவரை சூசன்னா எழுதிவைத்த தாள்களும் வீட்டோடு போயின. பிள்ளைகள் பல வீடுகளில் பிரிந்து தங்கினார்கள். அங்கே வேலைக்காரர்களோடு பழகிக் கற்ற முரட்டுப் பேச்சையும் நடையையும் மாற்றுவதற்குத் தாய் பின்னர் மிகவும் பாடுபட வேண்டியிருந்தது.

1711 மே 17, மாலை

சூசன்னாவின் தியானக் குறிப்புகள் காலை, நண்பகல், மாலை என்ற தலைப்புகளில் அமைந்தவை. தினமும் மூன்று வேளை தனித்து ஜெபித்து, தம்மைத் தாமே விசாரித்து எழுதியவை. இந்த மாலைக் குறிப்பு மகன் ஜானைப் பற்றியது: இவ்வளவு இரக்கமாகக் காப்பாற்றப்பட்ட இந்தப் பிள்ளையின் ஆன்மாவுக்காக இதுவரை இருந்ததைவிட அதிகக் கவனம் எடுப்பதாகக் கடவுளிடம் உறுதி கூறுகிறார்.

1712 பிப்ரவரி 6

சாமுவேல் லண்டனில் திருச்சபைப் பேரவைக்குப் போயிருந்த குளிர்காலம். உதவிக் குருவின் பிரசங்கங்களால் பயனில்லை எனக் கண்ட சூசன்னா, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் கூட்டி ஜெபமும் நல்ல பிரசங்க நூல்களும் வாசித்தார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொன்னான், அவர்கள் வந்தார்கள், பிறகு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் கூடி, நிற்க இடமின்றிப் பலர் திரும்பிப் போகும் நிலை வந்தது.

பெண் இப்படிச் செய்யலாமா என்று கணவர் கேட்டதற்கு இந்நாளில் எழுதிய கடிதத்தில் பதில் இருக்கிறது. தாம் ஒரு பெண் மட்டுமல்ல, பெரிய குடும்பத்தின் தலைவியும்கூட. கணவர் இல்லாத வேளையில் இந்த வீட்டிலுள்ள ஒவ்வோர் ஆன்மாவும் ஆண்டவர் தம்மிடம் ஒப்படைத்த பொறுப்பு என்கிறார். வேறு யாராவது வாசிக்கட்டும் என்ற யோசனைக்கும் விடை வைத்திருந்தார்: வந்தவர்களில் எழுத்துக் கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கக்கூடியவர் யாருமில்லை.

இதற்கான தூண்டுதலைப் பற்றி அதே கடிதம் சொல்வது தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. மகள் எமிலியா தந்தையின் அறையிலிருந்து எடுத்துவந்து வாசித்துக் காட்டிய நூல், டேனிஷ் மிஷனரிகளின் பணியைப் பற்றியது. அதாவது 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் கற்று, தமிழரிடையே உழைத்த சீகன்பால்கு, புளுட்சோ ஆகியோரின் வரலாறு. பல நாட்களுக்கு அதைத் தவிர வேறெதையும் அதிகம் பேசவோ நினைக்கவோ முடியவில்லை என்கிறார் சூசன்னா. ஆணாகவோ குருவாகவோ இல்லாவிட்டாலும் தாம் செய்வதைவிட அதிகம் செய்ய முடியும் என்ற எண்ணம் அவருக்கு அதிலிருந்தே பிறந்தது. ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனித்துப் பேசும் முறையும் அப்போது தொடங்கியது. திங்கள் மேரி, செவ்வாய் ஹெட்டி, புதன் ஆன், வியாழன் ஜான், வெள்ளி மார்த்தா, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியாவும் மகள் சூசன்னாவும். வளர்ந்து கல்லூரியில் ஆசிரியரான பிறகும், அந்த வியாழன் மாலையில் ஒரு பங்கைத் தமக்கு ஒதுக்கும்படி ஜான் தாய்க்கு எழுதினார். தரங்கம்பாடிச் செய்தி எப்வொர்த் குருமனையில் வாசிக்கப்பட்டு நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, 1814-இல், ஜானின் பெயர் தாங்கிய வெஸ்லியன் மிஷனரிகள் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினார்கள்.

1712 பிப்ரவரி 25

உதவிக் குருவின் புகாரைக் கேட்டுக் கூட்டத்தை நிறுத்தச் சொன்ன கணவருக்கு இரண்டாவது பதில். கூட்டத்தால் ஆலயத்துக்கு வருவோர் கூடியிருக்கிறார்கள். ஏழாண்டு வராதவரும் வருகிறார் என்று முதலில் எடுத்துரைக்கிறார். பிறகு, நிறுத்துவதானால் விருப்பம் என்று சொல்லாமல் வெளிப்படையான கட்டளையாக அனுப்பும்படியும், நியாயத்தீர்ப்பு நாளில் பொறுப்பு தம்மைச் சேராதபடி அது இருக்க வேண்டும் என்றும் கேட்கிறார். கட்டளை வரவில்லை. கீழ்ப்படிதலை மறுக்காமலேயே அதன் பொறுப்பைக் கணவரின் தலையில் வைத்த இந்தக் கடிதம், அவர் எழுதியவற்றுள் மிகவும் கூர்மையானது.

1725

ஏழு மகள்களுள் கவித்திறம் மிகுந்தவர் ஹெட்டி. ஒரு வழக்கறிஞரோடு வீட்டைவிட்டுப் போய், கைவிடப்பட்டுத் திரும்பினார். படிப்பில்லாத ஒரு குழாய்வேலைக்காரருக்கு அவசரமாக மணமுடிக்கப்பட்டார். தந்தை இறுதிவரை மன்னிக்கவில்லை. அக்காள் மேரி தங்கைக்காகப் பரிந்து பேசினார். ஜான் இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து தந்தையின் கோபத்துக்கு ஆளானார். மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமாக அறிவைக் கொடுத்த அந்த வீடு, அறிவுள்ள மகள் தவறியபோது தாங்கிப் பிடிக்கவில்லை. இந்தக் குடும்ப வரலாற்றின் ஆறாத காயம் இது.

1732 ஜூலை 24

ஜான் கேட்டதற்கிணங்கத் தம் வளர்ப்பு முறையை எழுதி அனுப்பினார். ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சவும் மெல்ல அழவும் கற்பித்தது, பிள்ளையின் பிடிவாதத்தை முதலில் அடக்கியது ஆகியவை இன்று படிக்கையில் கொடுமையாகவே தோன்றும். அதே கடிதத்தில் வேறு விதிகளும் உண்டு: தவறை ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அடியில்லை; ஒரே தவறுக்கு இரண்டு முறை தண்டனையில்லை; கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும்; நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளையையும் தையலில் உட்காரவைக்கக் கூடாது. ஐந்தாம் பிறந்தநாளுக்கு மறுநாள் பாடம் தொடங்கும். அந்த ஒரே நாளில் எழுத்துக்களைக் கற்று, பிள்ளை நேரே ஆதியாகமம் முதல் அதிகாரத்துக்குப் போகும். பள்ளி நேரம் தினமும் ஆறு மணி நேரம்.

1735 ஏப்ரல் 25

சாமுவேல் இறந்தார். குருமனை அடுத்த குருவுக்கு உரியது. சூசன்னா பிள்ளைகளின் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். 1739 முதல் லண்டனில், ஜான் வழிநடத்திய மெதடிஸ்த இயக்கத்தின் தலைமையிடமான பவுண்டரியில் வாழ்ந்தார். அங்கே குருப்பட்டம் பெறாத தாமஸ் மேக்ஸ்ஃபீல்டு பிரசங்கிப்பதைத் தடுக்க மகன் விரைந்து வந்தபோது, உன்னைப் போலவே அவரும் கடவுளால் அழைக்கப்பட்டவர், முதலில் கேட்டுப்பார் என்றார் தாய். ஜான் கேட்டார், ஒப்புக்கொண்டார். மெதடிஸ்த இயக்கத்தில் பட்டம் பெறாத பிரசங்கிமார் பெருகியதற்கு இந்தத் தலையீடு வழிவிட்டது.

1742 ஜூலை

தம் உயிர் பிரிந்ததும் துதியின் சங்கீதம் பாடும்படி பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு மறைந்தார். ஆகஸ்ட் 1-ஆம் நாள் பன்ஹில் ஃபீல்ட்ஸில் பெருங்கூட்டத்தின் முன் ஜான் அடக்க ஆராதனை நடத்தினார். அந்நாளைய தம் நாட்குறிப்பில், தாயின் தந்தை, கணவர், மகன்களைப் போலவே தாயும் தம் அளவில் நீதியைப் பிரசங்கித்தவர் என்று பதிந்து, சான்றாக 1712 பிப்ரவரிக் கடிதத்தை எடுத்தெழுதினார். அதையடுத்து வளர்ப்பு முறைக் கடிதத்தையும் சேர்த்து அச்சிட்டார்.