உச்சிமேல் வந்த ஒளி

2022 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9 ஆம் நாள், புரட்டாசி முழுமதியன்று மாலை 6 மணி 47 நிமிட அளவில், தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூரில் மனைதோறும் அந்தி விளக்கேற்றியிருந்த வேளையில், அவ்வூரார் உச்சிக்கு ஏறக்குறைய நேர்மேலே ஒரு பேரொளி வந்தெய்திற்று. கண்டார் ஒருவருமிலர். அது கண்ணுக்குப் புலனாகும் ஒளியன்று, காமாக் கதிர். வளிமண்டலம் அதனை மேலேயே தடுத்துக்கொள்ளுமாதலின், அதனைக் காண வேண்டுவோர் விண்ணிலே கருவி நிறுத்தல் வேண்டும்.

திருவோண மீனுக்கு வடமேற்கே, மேனாட்டார் அம்பு எனப் பெயரிட்ட சிறு மீன்கூட்டத்தின் திசையில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகட்கு முன்னர் ஒரு பெரு விண்மீன் தன்னுட் குலைந்து கருந்துளையாயிற்று. அப்போது ஒளியின் விரைவினை ஒட்டிப் பாய்ந்த குறுகிய தாரை நம் நிலவுலகை நோக்கியே அமைந்தது. சிறிது விலகியிருப்பின் இச்செய்தியே நம்மை எட்டியிராது. இத்துணைப் பொலிவுடையது 10,000 ஆண்டிற்கொருமுறையே வருமென்று கணக்கிடுகின்றனர்.

2015 செப்டம்பர் 28 இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்றும் ஏவப்பெற்ற நம் நாட்டு அஸ்ட்ரோசாட் இதனைப் பதிவு செய்தது. அதன் காட்மியம் துத்தநாக டெல்லுரைடுக் கருவி, தொழில் தொடங்கிய நாளாகிய 2015 அக்டோபர் 6 இலேயே வேறொரு வெடிப்பைக் கண்ட பெருமையுடையது. கடுங்கதிர்கள் அதன் பக்கச் சுவர்களையும் ஊடுருவுமாதலின், முகம் நோக்காத திசையிலிருந்து வருவனவும் அதற்கு அகப்படும். அமெரிக்கரின் ஃபெர்மியோ ஒளிமிகுதியால் எண்ணிக்கை தடுமாறிற்று. இருள் மறைப்பதுபோல மிக்க ஒளியும் மறைக்குமன்றோ! ஸ்விஃப்ட் ஏறத்தாழ ஒரு மணி நேரங் கழித்தே கண்டது. கண்டாரும் முதலில் அதனை நம் பால்வழியிலுள்ள ஏதோ ஒரு பொருளென்றே மயங்கினர். சீனத்து லாசோ நிலையம் முதல் 3,000 நொடியுள் 64,000 க்கு மேற்பட்ட ஒளித்துகள்களை எண்ணிற்று. நம் அயனி மண்டலமும் அதனாற் கலங்கியது.

இத்தகைய செய்தி வருந்தோறும், 'அடிமுடி தேடிய சோதி இதுவே. முன்னோர் அன்றே அறிந்தனர்' என்றெழுதுவார் சிலர் உளர். இது சைவத்திற்குச் சிறப்புச் செய்வதாகாது. அளவைக்கு எட்டாதெனச் சித்தாந்த நூல்கள் நிறுவும் பதியை, ஒரு விண்மீனின் இறுதியோடு ஒப்பிடுதல், பாசத்துள் வைத்தெண்ணுதலேயாம். காமாக் கதிரும் மாயையின் காரியமே. அதனை அளந்தார் அளந்தவாறே உரைத்தல் எழுதுவோர் கடன். கருவியின் துணையின்றி உயிர் ஒன்றையும் காணமாட்டாதென்னும் நம் கொள்கைக்கு இந்நிகழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டாகும் என்னலாம். அதற்குமேற் சொல்லுதல் மிகை.

இவ்வெடிப்பில் பொன் முதலிய கனவுலோகங்கள் மிகத் தோன்றியிருக்குமெனப் பலர் எதிர்பார்த்தனர். ஏறத்தாழ ஆறு திங்கள் கழித்து ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அங்கே நோக்கியபோது, ஏனைய விண்மீன் வெடிப்புக்களை ஒத்ததொன்றே காணப்பட்டது. அவ்வுலோகங்களின் சுவடு இல்லை. இது 2024 இல் வெளியாயிற்று. நியூட்ரான் மீன்கள் இரண்டு மோதுங்கால் அவை பிறத்தற்கு 2017 இலேயே சான்று கிடைத்துள்ளது. அம்மோதல்கள் மட்டுமே உலகத்துப் பொன் முழுவதற்கும் போதுமோ என்பது இன்னும் ஆராயப்படுகின்றது.