இதர

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு வீட்டு ஹாலில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை கச்சேரி நடக்கும். மைக் கிடையாது, மேடை கிடையாது. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் நாலடி இருந்தால் அதிகம். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து உட்காருகிறவர்களும் உண்டு. வீடு சாருடையது. இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர். போன வருஷம் அந்தக் கச்சேரிக்கு 25 வயது.

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கேட்டார்கள்: இதைச் சட்டசபையில் யாராவது ஒரு வார்த்தை சொல்ல வைக்க முடியாதா? மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கோட் எழுதுகிறவனுக்கு மனு வராதா என்று நினைத்திருப்பார்கள்.

அமெரிக்க மாநில சட்டமன்றங்களில் இது சாதாரணம். ஒரு அறையிசைக் குழு ஐம்பது வருஷம் தாக்குப்பிடித்தால் போதும், பாராட்டித் தீர்மானம் போட்டு, அதை அழகான தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். சட்ட பலம் எதுவும் கிடையாது. சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நம்மிடம் அந்தப் பழக்கம் குறைவு. இத்தனைக்கும் சட்டசபையும் சங்கீத சபாவும் ஒரே சொல்தான். கச்சேரி என்பதே ஒருகாலத்தில் அரசாங்க அலுவலகம். மயிலாப்பூர் கச்சேரி ரோடு இன்னும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

தேடியதில் எனக்குக் கிடைத்த பெரிய முன்மாதிரி கலாக்ஷேத்ரா. 1936இல் அடையாறில் ருக்மிணி தேவி தொடங்கியது. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சார் போன்றவர்கள் வந்து சொல்லிக்கொடுத்த இடம். ருக்மிணி தேவி 1952இலிருந்து பத்து வருஷம் மாநிலங்களவையில் இருந்தார். அங்கே அவர் போராடியது விலங்குகளுக்காக. 1960இன் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. தன் பள்ளிக்கு ஒரு சட்டம் வந்ததை அவர் பார்க்கவில்லை. பள்ளியின் பொன்விழா ஆண்டான 1986இல் இறந்துபோனார். கலாக்ஷேத்ரா அறக்கட்டளைச் சட்டம் 1993இல்தான் வந்தது.

அதை உட்கார்ந்து படித்தேன். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று ஓரிடத்தில் அறிவிக்கிறது. பாராட்டு அதோடு சரி. மீதியெல்லாம் ஆட்சிக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு, தணிக்கை, நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டிய ஆண்டறிக்கை. முதலில் சப்பென்று இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வேறு மாதிரி தோன்றியது. ஒரு மனுஷி தூக்கி நிறுத்திய ஒன்றை, அவர் இல்லாமல் எப்படி நிற்க வைப்பது என்று யாரோ பயந்துபோய் எழுதியது போல. நல்ல டாக்குமென்டேஷன் எல்லாமே அப்படித்தான் எழுதப்படுகிறது. எழுதியவர் வேலையை விட்டுப்போகும் நாளுக்காக.

இதையெல்லாம் சாரிடம் சொன்னேன். வயலின் குதிரையைச் சரிபண்ணிக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா போனதுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஏழு வருஷம் இருக்கே. அத யார் தாங்குனாங்கன்னு அதுல போட்டிருக்கா?"

"இல்ல சார்."

"போட மாட்டாங்க." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "இந்த வீடு எனக்கப்புறம் பையனுக்குப் போவும். அவன் வாடகைக்கு விடுவான். தப்பு சொல்ல முடியாது, அவன் பொழப்பு பெங்களூர்ல. வாழ்த்தெல்லாம் வேணாம்ப்பா. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம், ஃபேன் ஓடுற ஒரு ரூம் கேளு. அது போதும்."

நான் எழுதி வைத்திருந்த மனுவில் முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணியில் முதல் கீர்த்தனை பாடியது, தியாகராஜர் திருவொற்றியூர் வந்து பஞ்சரத்தினம் பாடியது என்று ஒரு பக்கத்துக்கு இந்த வட்டாரப் பெருமை இருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, நல்லா வந்திருந்த பத்தி. ஆறு வரி மிஞ்சியது. பெறுநரையும் மாற்றினேன். சட்டசபை போய், சமுதாயக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் வந்தது.

கவுன்டரில் இருந்தவர் படிவத்தை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன விசேஷம்? கல்யாணமா, காதுகுத்தா?"

"கச்சேரி. மாசாமாசம்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பேனாவைக் கீழே நகர்த்தி, 'இதர' என்பதில் டிக் அடித்தார்.