பவளமும் சிங்கமீனும்

கடலோரத்தில் பிறந்தவர் எங்கே குடியேறினும் கடல்மேற் பற்று எளிதில் அறுவதில்லை. தூத்துக்குடியில் பிறந்து, மும்பையில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாழும் எமக்கும் அஃது உண்டு. மகனின் விருப்பத்தைச் சாக்காகக் கொண்டு, கூடத்து மூலையில் ஓர் உவர்நீர்த் தொட்டி அமைத்தோம்.

பாறை கட்டும் பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கோப்புகளிடையே காலம் கழிக்கும் நாம் விதியை மீறுவோமா? ஆதலின் அவற்றின் உறவினமாய், கல் கட்டாது படர்ந்து வாழும் பொத்தான் பாலிப்புகளையே கொணர்ந்தோம். சட்டைப் பொத்தான் அளவே உள்ள அவ்வுயிர்கள் ஒளி பட்டதும் மலர்போல் விரியும். அவற்றின் உடலில் குடியிருக்கும் நுண்பாசி, ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, இடம் தந்த உயிருக்கும் பங்கு தரும். வாடகையை உணவாகச் செலுத்தும் குடித்தனக்காரர்! அவற்றுட் சில கொடிய நஞ்சுடையவை; கையுறையின்றித் தொடலாகாது.

மகனோ சிங்கமீன் ஒன்றும் வேண்டுமென்றான். வாயில் அடங்கும் மீன் எதனையும் விழுங்குவது அது. முதுகு முட்களிலும் நஞ்சு. ஆயினும் பாலிப்புகளைத் தின்னாது என்று அறிந்து இசைந்தோம்.

இரண்டு திங்களில் பாலிப்புகள் பகலிலும் விரியாது குவிந்தே கிடந்தன. பின் ஒவ்வொன்றாக உருகி மறைந்தன. எம் ஐயமெல்லாம் மீன் மீதே. மகன் அழுதான். மீனைக் கடைக்கே திருப்பித் தந்துவிட முடிவு செய்தோம்.

அவ்வேளை ஊரிலிருந்து தந்தையார் வந்திருந்தார். நாள் முழுதும் தொட்டியருகே அமர்ந்திருந்தவர், மூன்றாம் நாள் மாலை சொன்னார்: “ஏலே, மீன் அது பக்கத்துலயே போகல. நீங்க போடுற எறாதான் கல்லுக்கு அடியில அழுகிக் கெடக்கு.”

உண்மைதான். பள்ளி செல்லுமுன் மகன் ஒரு முறை, அலுவலகம் விட்டு வந்து நாம் ஒரு முறை என இரையிட்டு வந்தோம். மீந்த இரையும் மீனின் கழிவும் அம்மோனியாவாகின்றன. அதனை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் வேண்டாத பாசி செழித்துப் பாலிப்புகளை மூடிவிடுகிறது. மீன் குற்றமற்றது, அன்பின் மிகுதியால் நாமே அவற்றை அழித்துக்கொண்டிருந்தோம்.

இரையை வாரம் மும்முறையாகக் குறைத்தோம். இடுக்கியால் மீனின் வாயருகே நீட்டி, மீந்ததை உடனே எடுத்தோம். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். கழிவை நுரையாகத் திரட்டி நீக்கும் கருவியை அடிக்கடி கழுவினோம். வெப்பத்தை 26 பாகையை ஒட்டியும், நீரின் ஒப்படர்த்தியை 1.025 அளவிலும் காத்தோம். ஆறு வாரங்களில், எஞ்சியிருந்த பாதியளவு பாலிப்புகள் மீண்டும் விரிந்தன.

மகன் துள்ளினான், தந்தையார் பேசவில்லை. இரவு உணவின்போதுதான் வாய் திறந்தார். இளமையில், வள்ளங்களில் வந்திறங்கிய பவளக்கற்களைச் சுண்ணாம்புக் காளவாய்க்குச் சுமந்தவர் அவர். “கல்லுன்னுதான் நெனச்சோம். உசிருன்னு எங்களுக்கு யாரு சொன்னா?” என்றார்.

நாம் என்ன விடை சொல்வோம்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பவளம் அகழப்பட்டதனால் அரிப்புற்று நீருள் மூழ்கின. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. எனினும் 2010, 2016 ஆண்டுகளில் கடல் வெம்மை மிகுந்து, நுண்பாசியை இழந்த பவளங்கள் அங்கே வெளுத்தன. காளவாயில் வெந்த கல் கூலிக்காரரின் வயிற்றுப்பாட்டுக்கு உதவியது. இன்று கடலை வேகவைக்கும் வெம்மையில் நம் அனைவர்க்கும் பங்குண்டு.

தந்தையார் ஊர் திரும்பிவிட்டார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறார். எம் நலம் கேட்குமுன் அவர் கேட்பது ஒன்றே: “பூ விரிஞ்சிருக்கா?”